வாத்துக் குளம் ஏன் தெளியவில்லை? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் சுற்றி வருகிறது, ஆனாலும் குளம் கலங்கியே கிடக்கிறது. டிரம்மும் குழாயும் வைத்துச் சொந்தமாக வடிகட்டி செய்தவர்கள் பலரும் சொல்லும் குறை இதுதான். பெரும்பாலும் இதற்கு வேர் ஒன்றே. வடிகட்டி அழுக்கை அழிப்பதில்லை. ஓரிடத்தில் சேர்த்துத் தருகிறது, அவ்வளவுதான். சேர்ந்ததை நாம் வெளியே எடுக்காவிட்டால் எச்சமும் தீவனத் துகளும் டிரம்முக்குள்ளேயே ஊறிக் கரைந்து, சுற்றி வரும் தண்ணீரோடு மறுபடியும் குளத்துக்கே வந்து சேரும். ஆகவே கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: பிடிபட்ட கசடு எந்த வழியாக, எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளியேறுகிறது?

மீன் குளத்துக் கணக்கு வாத்துக்குப் பொருந்தாது. வாத்து தண்ணீரிலேயே எச்சமிடும், தீவனத்தை வாயில் கொண்டுவந்து அலசும், கரை மண்ணை அலகால் குடையும், இறகை உதிர்க்கும். மீன் குளத்துக்கென்று அச்சிட்ட அளவை நம்பி வடிகட்டியை அமைத்தால் அது சில நாள்களிலேயே திணறிவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முந்நூறு, நானூறு லிட்டர் தொட்டியில் நாலைந்து வாத்துகள் குளிக்கின்றன என்றால் வடிகட்டியே வேண்டாம். அடியில் ஒரு பெரிய வால்வு வைத்து, அடிக்கடி முழுவதும் வடித்துவிட்டு நிரப்புவதே மேல். வடிகட்டியின் பயன் ஆயிரம் லிட்டரைத் தாண்டிய பிறகுதான் உழைப்புக்கு ஈடாகத் தெரியும்.

இந்தக் குறிப்பு மனத்தில் வைத்திருக்கும் அமைப்பு இது: முதலில் கசடு படியும் டிரம், அடுத்து பிரஷ் அல்லது ஸ்பாஞ்சு வைத்த டிரம், அதற்கடுத்து நுண்ணுயிர் வளரும் டிரம், கடைசியில் கூழாங்கல்லும் செடியும் உள்ள பாத்தி. உங்களுடையதில் ஒன்றிரண்டு குறையலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது. பெரிய துகள் முதலில், கரைந்த அழுக்கு கடைசியில். டிரம் எதுவானாலும் உணவுப் பொருள் அடைத்துவந்ததாக இருக்கட்டும். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்த வேண்டாம்.

முதலில் இரண்டு சோதனைகள்

குளத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, அசையாத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியில் படிந்து மேலே தெளிந்திருந்தால் உங்கள் பிரச்சினை கனமான துகள்; படியும் டிரம் தன் வேலையைச் செய்யவில்லை. பழுப்பாக அப்படியே கலங்கி நின்றால் களிமண். பச்சையாகவே நின்றால் மிதக்கும் பாசி. தெளிந்திருக்கிறது, ஆனால் தேநீர் நிறம் என்றால் இலையும் மரப்பட்டையும் ஊறிய சாயம். அது அழகைக் கெடுக்கும், வாத்தைக் கெடுக்காது. கரையில் விழும் இலையை அள்ளினால் போதும். இந்தச் சோதனைக்குச் செலவில்லை. எந்த மருந்தை வாங்கும் முன்பும் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, தண்ணீர் உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்பது. குளத்தின் நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் 3000 லிட்டர். வாத்துக் குளத்துக்கு மணிக்கு ஒரு முறையாவது முழுத் தண்ணீரும் வடிகட்டி வழியாகப் போய்வருவது நல்லது. இப்போது குளத்துக்குத் திரும்பும் குழாயின் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். 24 வினாடியில் நிறைந்தால் மணிக்கு 3000 லிட்டர். 40 வினாடி ஆனால் 1800தான். மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் அளவு, தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைப்பது. ஏற்றும் உயரம் கூடக் கூட, குழாயில் வளைவு கூடக் கூட அது குறையும். வாளிக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். நாளைக்கு ‘ஓட்டம் குறைந்த மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கிடைக்கும்.

தண்ணீரில் கைவிடும் முன் ஒவ்வொரு முறையும் மோட்டார் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தது போதாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் குளத்தில் மோட்டார் இறக்கவே வேண்டாம்.

தண்ணீர் பழுப்பாகக் கலங்கி, பாட்டிலில் படிகிறது

இதுதான் அதிகம் வரும் கோளாறு, சரிசெய்தால் அதிகப் பலன் தருவதும் இதுதான். படியக்கூடிய துகள் படியாமல் சுற்றுகிறது என்றால், மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளத்தின் அடியில் வைத்த மோட்டார் எச்சத்தை இழுத்து, அதன் விசிறியில் அடித்துப் பொடியாக்கி, பிறகு டிரம்முக்கு அனுப்புகிறது. முழுதாக வந்திருந்தால் சில நிமிடங்களில் படிந்திருக்கும் எச்சம், மாவாகிவிட்ட பிறகு மணிக்கணக்கில் மிதக்கும். நாமே அழுக்கை அரைத்துவிட்டு அதை வடிகட்டப் படாத பாடு படுகிறோம்.

இடம் இருந்தால் மோட்டாரைக் கடைசி டிரம்முக்கு மாற்றுங்கள். டிரம்களைப் பாதி புதைத்து, அவற்றின் விளிம்பு குளத்து நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி வையுங்கள். குளத்தின் அடியிலிருந்து அகலமான குழாய் வழியாகத் தண்ணீர் தானாகவே முதல் டிரம்முக்கு வரும். குளமும் டிரம்மும் ஒரே மட்டத்தில் நிற்கும். கடைசி டிரம்மில் உள்ள மோட்டார் தெளிந்த தண்ணீரைக் குளத்துக்குத் தள்ளும்போது மட்டம் சற்று இறங்கி, குளத்திலிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். வேலை கொஞ்சம் அதிகம், தோண்ட வேண்டும், டிரம்மையும் குழாயையும் இணைக்கும் டேங்க் நிப்பிள்கள் கசியாமல் பொருத்த வேண்டும். ஆனால் வாத்துக் குளத்துக்கு இதைவிடப் பெரிய ஒரே முன்னேற்றம் எதையும் நான் அறியேன்.

அப்படி மாற்ற வழியில்லையென்றால், கசடைத் தாங்கும் வகை மோட்டாரை வாங்கி, அதை ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்து, தரையிலிருந்து சற்றுத் தூக்கி நிறுத்துங்கள். இறகும் இலையும் கூடையோடு நின்றுவிடும்.

அடுத்தது வேகம். 200 லிட்டர் டிரம்மில் மணிக்கு 3000 லிட்டர் ஓடினால் ஒவ்வொரு துளியும் உள்ளே இருப்பது 4 நிமிடம்தான். அதே அளவு இரண்டு டிரம்களை அடுத்தடுத்து வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டத்தைப் பாதியாகப் பிரித்தால் 8 நிமிடம் கிடைக்கும், ஓட்டமும் சாந்தமாகும். உள்ளே வரும் குழாய் தண்ணீரை அடியில் போய்ப் பீய்ச்சக் கூடாது. படிந்தது எல்லாம் கிளறி எழும். டிரம்மின் நடுவில் ஓர் அகலக் குழாயையோ அடி நீக்கிய வாளியையோ தொங்கவிட்டு, தண்ணீர் அதற்குள் விழுந்து மெதுவாகக் கீழிறங்கி, பிறகு சுற்றிலும் மேலேறி விளிம்பில் வழிவது போலச் செய்யுங்கள். திசை மாறும் இடத்தில் கனமானது கீழே தங்கிவிடும்.

பிறகு நான் முதலில் கேட்ட கேள்வி. டிரம்மின் அடியில் 50 மில்லிமீட்டர் அளவிலாவது ஒரு வால்வு இருக்கிறதா? இல்லையென்றால் மற்ற எதையும் தொடும் முன் அதைப் பொருத்துங்கள். சிறிய குழாய் வைத்தால் இறகு அடைத்துக்கொள்ளும். தினமும் மோட்டாரை நிறுத்தி, கால் மணி நேரம் விட்டு, வால்வைச் சட்டென்று முழுவதும் திறந்து கருப்பாக வருவது நின்று வெளுக்கும்வரை ஓடவிடுங்கள். மெதுவாகத் திறந்தால் மேலே உள்ள நல்ல தண்ணீர்தான் போகும், கசடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இப்படித் தினமும் இழக்கும் தண்ணீருக்கு ஈடாகப் புதுத் தண்ணீர் சேர்வதும் நன்மையே.

இத்தனைக்கும் பிறகு தீவனம் இருக்கிறது. வாத்துக்கு உலர்ந்த தீவனத்தை விழுங்கத் தண்ணீர் வேண்டும். தீவனத்தின் பக்கத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் வாய் நிறைய எடுத்துக்கொண்டு குளத்துக்கு ஓடும். தலையும் மூக்குத் துளையும் முழுவதும் மூழ்கும் ஆழத்தில் ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தீவனத்துக்கு அருகிலேயே, ஜல்லி நிரப்பிய குழியின் மேல் வையுங்கள். குளத்திலிருந்து தொலைவில் தீவனம் போடுங்கள். குளத்துக்குள் விழும் அழுக்கில் ஒரு பங்கு வடிகட்டியின் துணையில்லாமலே குறையும்.

பழுப்பாகவே நிற்கிறது, படியவில்லை

களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வாரக்கணக்கில் மிதக்கும். எந்த ஸ்பாஞ்சும் இவற்றைப் பிடிக்காது. எனவே வடிகட்டியைக் குறை சொல்லாமல் கரையைப் பாருங்கள். ஈர மண் கண்டால் வாத்து அதைக் குடையாமல் விடாது. குளத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்காவது மண்ணை மூடுங்கள்: கீழே முரட்டுத் துணி, அதன்மேல் வாத்தின் அலகால் புரட்ட முடியாத அளவுக் கற்கள். ஏறி இறங்க ஒரே ஒரு சரிவுப் பாதை வைத்து, அதையும் கல்லாலோ ரப்பர் பாயாலோ அமையுங்கள். கண்ட இடத்தில் கரையேற விட்டால் கண்ட இடத்திலும் சேறு வரும். மழைநீர் வழிந்து குளத்துக்குள் வரும் வழி இருந்தால் அதையும் திருப்பிவிடுங்கள். கரையைச் சரிசெய்த பின் ஒரு முறை முழுத் தண்ணீரையும் மாற்றினால் போதும். படிகாரம் போட்டுத் தெளியவைக்கும் வழி உண்டு. ஆனால் அது தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்கும். கரை திறந்தே கிடக்கும்போது அதைப் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான்.

பச்சைத் தண்ணீர்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நுண்ணுயிர் வடிகட்டி நன்றாக வேலை செய்யச் செய்ய, பாசி குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள். நடப்பது வேறு. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட் நஞ்சு குறைந்தது, ஆனால் செடிக்கும் பாசிக்கும் உரம். எச்சத்திலுள்ள பாஸ்பரஸ் அப்படியே தங்குகிறது. அதாவது சிறப்பாக இயங்கும் நுண்ணுயிர் டிரம், பாசிக்கான சாப்பாட்டை ஒழுங்காகச் சமைத்துத் தருகிறது.

உரத்தை வெளியே எடுக்க மூன்று வழிகள்தான்: கசடு கரையும் முன்பே வெளியேற்றுவது, தண்ணீரை மாற்றுவது, செடியை வளர்த்து வெட்டி எடுப்பது. முதல் இரண்டும் மேலே வந்துவிட்டன. மூன்றாவதற்கான பாத்தியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் அளவுள்ள கூழாங்கல் நிரப்பி, அடியில் ஓட்டைகள் போட்ட குழாயைப் படுக்கவைத்து, தண்ணீரைக் கீழிருந்து மேலேறவிடுங்கள். கல்வாழை, சம்பு, வெட்டிவேர் போன்றவை இதில் நன்றாக வரும். வாத்துக்கு எட்டாதபடி வேலி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் நட்ட நாளே மேய்ந்துவிடும். செடி வளர்ந்தால் மட்டும் போதாது, வெட்டிக் குளத்துக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். வெட்டாத செடி மடிந்து அதே உரத்தைத் திருப்பிக் கொடுக்கும். பாத்திக்கு வரும் தண்ணீர் கசடு நீங்கியதாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கசடோடு வந்தால் கூழாங்கல்லின் இடுக்குகள் அடைந்து, ஒரு நாள் முழுப் பாத்தியையும் கிளறி அள்ள வேண்டிவரும்.

வெயிலைக் குறைப்பதும் உதவும். குளத்தின் மேல் பாதிப் பரப்பளவுக்கு நிழல்வலை கட்டினால் பாசியின் வேகம் தணியும், வாத்துகளுக்கும் நல்லது. வாத்துப்பாசி, அசோலா போன்ற மிதக்கும் செடிகளை வாத்துகள் விரும்பித் தின்னும், ஆகவே குளத்தில் அவை நிற்காது. தனித் தொட்டியில், வடிகட்டி நீரில் வளர்த்து அள்ளிப் போடலாம். உரம் தீவனமாகத் திரும்புகிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி.

புறஊதா விளக்குக் குழாய் மிதக்கும் பச்சைப் பாசியைக் கொல்லும். ஆனால் கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது. கசடுப் பிரச்சினை தீர்ந்த பிறகே அதை யோசியுங்கள். விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிந்தாலும் ஏறத்தாழ ஓர் ஆண்டில் அதன் வீரியம் குறைந்துவிடும், மாற்ற வேண்டும். நூல் நூலாகக் கல்லில் பற்றி வளரும் பாசிக்கு இந்த விளக்கால் பயனில்லை; அதைக் குச்சியால் சுற்றி எடுத்துவிடுவதே வழி.

பாசிக்கொல்லி மருந்தும் மயில்துத்தமும் வாத்துக் குளத்துக்குள் வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. செம்புச் சத்து கசட்டில் சேர்ந்துகொண்டே போகும், வடிகட்டியிலுள்ள பாக்டீரியாவைக் கெடுக்கும்; மொத்தமாகச் செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீரும்.

பச்சை பெயிண்ட் கொட்டியது போன்ற ஏடு: உடனே கவனியுங்கள்

மேலே படலமாக, நீலம் கலந்த பச்சையில், காற்றடிக்கும் ஓரத்தில் ஒதுங்கியிருந்தால் அது சாதாரணப் பாசி அல்லாமல் நீலப்பச்சைப் பாசி எனப்படும் பாக்டீரியாவாக இருக்கலாம். இதில் சில வகைகள் கல்லீரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். நூலாகத் தொங்கினால் சாதாரண நூல்பாசி. பெயிண்ட் போலக் குச்சியில் பூசிக்கொண்டால் சந்தேகப்படுங்கள். பாட்டிலில் எடுத்து இரவு முழுவதும் வைத்தால் இது பெரும்பாலும் மேலே மிதந்து திரளும்.

சந்தேகம் வந்த உடனே வாத்துகளை அங்கிருந்து மாற்றி, வேறு சுத்தமான தண்ணீர் கொடுங்கள். மருந்து போட்டுக் கொல்லாதீர்கள். சாகும் செல்களிலிருந்து நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் இறங்கும். கையுறை போட்டுக் குளத்தை வடித்து, சுரண்டி, வெயிலில் காயவிட்டு நிரப்புங்கள். அந்தத் தண்ணீரைக் காய்கறிக்கும் கிணற்றுப் பக்கத்துக்கும் விடக் கூடாது. நாயும் குழந்தையும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்றம்

அழுகிய முட்டை நாற்றம் என்றால் அடியில் காற்றுப் புகாத கருஞ்சேறு இருக்கிறது. அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் சல்பைடு. ஒரே நாளில் முழுவதையும் கிளறாதீர்கள். சேற்றில் அடைந்திருந்தது மொத்தமாகத் தண்ணீரில் கலந்து ஆக்சிஜனைத் தின்றுவிடும். குளத்தில் மீன் இருந்தால் செத்து மிதக்கும். வாத்துகளை வெளியே விட்டுவிட்டு, குளத்தை வடித்துச் சேற்றை அள்ளுவது நல்லது. வடிக்க முடியாத பெரிய குளம் என்றால் உறிஞ்சுக் குழாயால் பகுதி பகுதியாக எடுங்கள். நாற்றம் குளத்தில் இல்லை, டிரம்மைத் திறந்தால் மட்டும் வருகிறது என்றால் உள்ளே தண்ணீர் புகாத மூலை ஒன்று இருக்கிறது. ஸ்பாஞ்சு அடைந்து, தண்ணீர் சுற்றி வழி தேடிப் போகிறது.

மூக்கில் சுள்ளென்று ஏறும் நெடி அம்மோனியா. மீன் தொட்டிக்கு விற்கும் சோதனைத் துளிகளை வாங்கி அம்மோனியா, நைட்ரைட், பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) மூன்றையும் பாருங்கள். பிஎச்சும் வெப்பமும் கூடும்போது அதே அளவு அம்மோனியாவின் நஞ்சுத்தன்மை கூடும். உடனடி மருந்து தண்ணீர் மாற்றுவதுதான். பிறகு நுண்ணுயிர் டிரம்மைப் பாருங்கள்.

வடிகட்டி ஓடுகிறது, அம்மோனியா இறங்கவில்லை

புது வடிகட்டியா? அப்படியானால் பொறுத்திருங்கள். இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. நாலு முதல் எட்டு வாரம் ஆகும். 10 டிகிரிக்குக் கீழ் குளிர் இருந்தால் இன்னும் தாமதமாகும். அதுவரை தண்ணீரை அடிக்கடி மாற்றிச் சமாளியுங்கள். ஏற்கெனவே நன்றாக ஓடும் வடிகட்டியின் ஸ்பாஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து போட்டால் சீக்கிரம் தொடங்கும். ஆனால் அங்கே நோய் எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

பழைய வடிகட்டி திடீரென்று நின்றுவிட்டது என்றால் கடைசியாக எப்படிக் கழுவினீர்கள் என்று யோசியுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினால் பாக்டீரியா செத்துவிடும். நுண்ணுயிர் ஊடகத்தை, அதாவது பாக்டீரியா ஒட்டி வளரும் பொருளை, குளத்துத் தண்ணீர் எடுத்த வாளியில் லேசாக அலசினால் போதும். பழுப்புப் பூச்சு அதன்மேல் இருக்கத்தான் வேண்டும். ஸ்பாஞ்சும் பிரஷும் வேறு. அவற்றின் வேலை துகளைப் பிடிப்பது. எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் நட்டமில்லை. இந்த இரண்டையும் தனித்தனி டிரம்மில் வைக்கச் சொல்வதே அதற்காகத்தான்.

மின்வெட்டு இன்னொரு காரணம். பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 4.5 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் செலவாகிறது. வெப்பம் கூடினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.5தான். ஓட்டம் நின்ற டிரம்மில் இருப்பது சில மணி நேரத்தில் தீரும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு மோட்டாரைப் போடும் முன் டிரம்மில் தேங்கிய தண்ணீரை அடி வால்வு வழியாக வெளியே விட்டுவிடுங்கள். அந்த நாறிய தண்ணீர் குளத்துக்குள் போகக் கூடாது. எப்போதும் ஆக்சிஜன் போதாத டிரம்முக்கு மீன் தொட்டிக் காற்று மோட்டாரும் ஒரு காற்றுக்கல்லும் பெரிய உதவி.

மழைநீரால் மட்டுமே நிரப்பிய குளத்தில் வேறொரு சிக்கல் வரும். அம்மோனியாவை மாற்றும் வேலை தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும். அது தீர்ந்தால் பிஎச் இறங்கி, 6.5க்குக் கீழே பாக்டீரியா சோம்பிவிடும். டிரம்மில் ஒரு வலைப்பையில் கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ போட்டுவைத்தால் மெதுவாகக் கரைந்து சரிசெய்யும். சுட்ட சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், பிஎச் எகிறிவிடும்.

ஊடகத்துக்கு எது நல்லது என்று தேடி அலைய வேண்டாம். எரிமலைக் கல், பிளாஸ்டிக் மூடிகள், குளியல் நார், சுருட்டிய வலை எல்லாமே வேலை செய்யும். பரப்பு நிறைய, இடுக்கு அடையாதது, கழுவ எளிது என்ற மூன்றும் போதும். கனமான கல்லைவிடத் தூக்கி எடுக்க முடிந்த பிளாஸ்டிக்கைத்தான் நான் விரும்புவேன், ஏனென்றால் தூக்க முடியாததை நாம் கழுவமாட்டோம்.

டிரம் நிரம்பி வழிகிறது, ஓட்டம் குறைந்துவிட்டது

இரண்டும் இரண்டு நோய்கள். வழிகிறது என்றால் வெளியேறும் பக்கம் அடைப்பு. ஓட்டம் குறைகிறது என்றால் மோட்டார் பக்கம் அடைப்பு.

மோட்டார் தள்ளும் குழாய் 25 மில்லிமீட்டர் என்றால், டிரம்மிலிருந்து தானாக வழியும் குழாய் 50 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அழுத்தம் இல்லாமல் ஓடும் தண்ணீருக்கு இடம் அதிகம் வேண்டும். அதன் வாயில் நேராக வலை கட்டினால் ஓர் இறகு போதும், அடைத்துவிடும். நீளமான ஓட்டைக் குழாயை வாயில் செருகி, வலையை அதன்மேல் சுற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விளிம்புக்குச் சற்றுக் கீழே ஓர் உபரிக் குழாய் வைத்து அதைக் குளத்துக்கே திருப்பிவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஒரே இரவில் குளம் காலியாகி, மோட்டார் வறண்டு எரிந்துபோகும்.

ஓட்டம் குறைந்தால் பிளக்கைப் பிடுங்கி, கூடையைக் கழுவி, மோட்டாரின் முன்மூடியைத் திறந்து விசிறியில் சுற்றிய இறகையும் நாரையும் எடுங்கள். வாளியைப் பிடித்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் குறைவு என்றால் குழாயின் உள்ளே வழவழப்பாகப் படிந்திருக்கும். கயிற்றில் கட்டிய துணிப்பந்தை இழுத்துச் சுத்தம் செய்யலாம். சிறகு உதிர்க்கும் பருவத்தில் கூடையைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும், அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நுரை, எண்ணெய்ப் படலம்

வாத்து தன் வால் தொடங்கும் இடத்திலுள்ள சுரப்பியின் எண்ணெயை இறகில் பூசிக்கொள்ளும். மெல்லிய படலம் அதனால் வருவது இயல்பு; மேற்பரப்பை அசைக்கும்படி தண்ணீர் விழுந்தால் கலைந்துவிடும். வானவில் நிறப் படலத்தைக் குச்சியால் கீறினால் கண்ணாடிச் சில்லாக உடைகிறதென்றால் அது இரும்பு பாக்டீரியா, தீங்கில்லை. கீறியதும் மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய். மோட்டார் கசிகிறதா என்று பாருங்கள்.

விழும் இடத்தில் நிற்கும் பழுப்பு நுரை, தண்ணீரில் கரைந்த புரதம் மிகுந்துவிட்டதன் அடையாளம். தண்ணீரை மாற்றுங்கள், தீவனத்தைக் கவனியுங்கள். நுரைநீக்கியோ சோப்போ அருகில் வரக் கூடாது. சோப்பு இறகின் நீர் ஒட்டாத்தன்மையைக் கெடுத்துவிடும். அப்படி ஆன வாத்து தண்ணீரில் நனைந்து, குளிரில் நடுங்கி, மூழ்கவும் கூடும். தொட்டியைத் தேய்க்கக்கூட வெறும் பிரஷே போதும்.

வாத்தின் கழுத்து தொங்குகிறது, கால் வலுவிழந்துவிட்டது

இதை வடிகட்டிக் கோளாறு என்று நினைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். சூடான நாள்களில், தேங்கி அழுகும் தண்ணீரிலும் செத்த பிராணிகளிலும் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சால் வரும் பொட்டுலிசம் இப்படித்தான் தொடங்கும். முதலில் கால், பிறகு சிறகு, பிறகு கழுத்து என்று தளரும். பிணத்தில் நெளியும் புழுவைத் தின்றாலும் வரும். எல்லா வாத்துகளையும் அங்கிருந்து அகற்றி, தளர்ந்ததை நிழலில் தலை தண்ணீரில் விழாதபடி வைத்து, கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். பிறகு குளத்திலும் டிரம்களிலும் செத்த தவளையோ எலியோ கிடக்கிறதா என்று தேடுங்கள். டிரம்முக்கு மூடி போடுவதன் முக்கியமான காரணம் இதுதான்.

நீர்மட்டம் இறங்குகிறது

வாத்து தெறிப்பதும் வெயில் குடிப்பதும் போக மீதிதான் கசிவு. வாத்துகளை ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய வாளியைக் குளத்துப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியே குளத்திலும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில். குளம் அதிகம் இறங்கினால் கசிவு. பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். குளத்தின் கூடுதல் இறக்கம் நின்றுவிட்டால் கசிவு டிரம்மிலோ குழாயிலோ இருக்கிறது. மோட்டாரை நிறுத்தும்போது மட்டும் டிரம்மின் மட்டம் இறங்கிக் குளத்தின் மட்டம் ஏறினால், டிரம்மில் மூழ்கிக் கிடக்கும் குழாய் வாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்படுகிறது. டிரம்மின் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அந்தக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் காற்றுப் புகுந்து இழுப்பு நிற்கும்.

கொசு

குளத்தில் வாத்து இருக்கும்போது புழு தங்காது. டிரம்மின் ஓரத்திலும் பாத்தியின் தேங்கலிலும்தான் வரும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். மூடிக்குக் கீழே கொசுவலை கட்டுங்கள். பாத்தியில் நீர்மட்டம் கூழாங்கல்லுக்குக் கீழே நிற்கட்டும்.

வெளியேற்றிய கசடு எங்கே போக வேண்டும்

மரத்தடிக்கும் பூச்செடிக்கும் இது அருமையான உரம். ஒரே இடத்தில் கொட்டாமல் சிறு வாய்க்காலாகப் பிரித்து, தினமும் வேறு மரத்துக்குத் திருப்புங்கள். ஈரம் தேங்கினால் ஈ மொய்க்கும். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கும் தரையோடு கிடக்கும் காய்க்கும் விட வேண்டாம், எச்சத்தில் சால்மோனெல்லா இருக்க வாய்ப்புண்டு. ஓடைக்கும் கிணற்றுச் சுற்றுக்கும் ஒருபோதும் விடாதீர்கள். வால்வைத் திறக்கும்போது கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தச் சோப்புத் தண்ணீர் மட்டும் குளத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.